மண்ணின் ஈரமறிந்து மோட்டாரை இயக்கும் சிறு மின்பலகைகள்

சென்ற சில வருஷங்களாக நமது கிராமங்களில் ஒரு புதிய சாமான் தென்படுகிறது. உள்ளங்கையிலும் சிறியதாய், பச்சை அல்லது நீல நிறமுள்ள ஒரு தகட்டின்மேல் கறுத்த சில்லு ஒன்றும், இரு ஓரங்களிலும் வரிசையாக ஊசிக்கால்களும் பதிந்திருக்கும். பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ வாசிக்கும் பிள்ளைகள் இதனை வாங்கிவந்து, "இது மண்ணின் ஈரத்தைத் தானே பார்த்து மோட்டாரைப் போடும், தானே நிறுத்தும்" என்று தகப்பனாரிடம் சொல்லுகிறார்கள். தகப்பனார் இதனை நம்புவதா தள்ளுவதா என்று தெரியாமல் டிமான்ஸ்ட்ரேட்டரிடம் வந்து கேட்கிறார். மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்று கடைகளில் வழங்கும் இச்சாமானில் வகைகள் அநேகம். ஒரு வேலைக்கு ஏற்றது மற்றொரு வேலைக்கு ஏலாது. தகாத போர்டை வாங்கினால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு நிற்பதில்லை. விழுது இறங்கும் பருவத்தில் நிலக்கடலைக்கு ஒரு தண்ணீர் தவறினாலும், வற்றிய கிணற்றில் பம்பு இரவு முழுதும் ஓடினாலும் நேரும் சேதத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இவ்வகைகளுக்குள்ள வித்தியாசங்களைப் பாசன வேலையை முன்னிட்டு இங்கு விவரிப்போம்.

இது செய்யும் வேலை யாது?

ஏரிப்பாசனமுள்ள கிராமங்களில் நீர்க்கட்டி செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை எளிதில் விளங்கும். நீர்க்கட்டி வயலைப் பார்க்கிறார். காய்ந்திருந்தால் மடையைத் திறக்கிறார். போதுமென்று கண்டால் அடைக்கிறார். பார்த்தல், தீர்மானித்தல், செய்தல் என்னும் இம்மூன்றும் போர்டிலும் நடக்கின்றன. பார்ப்பதற்கு சென்ஸார் என்னும் கருவிகள் அதன் கால்களில் இணைக்கப்படுகின்றன. தீர்மானிப்பது நாம் முன்னதாக எழுதி ஏற்றிவைத்த புரோகிராம், அதாவது கட்டளை வரிசை. செய்வதற்கு ரிலே, விளக்கு, மணி முதலியவை மற்றக் கால்களில் இணைக்கப்படும். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. நீர்க்கட்டி மேற்கே மழை இருட்டிக்கொண்டு வருவதைக் கண்டால் மடையைத் திறவாதிருப்பார். போர்டு அப்படியன்று. சொன்னதை மட்டுமே செய்யும். நாம் சொல்ல மறந்ததைத் தானாக ஊகித்துச் செய்யாது.

மின்சாரம் வந்த க்ஷணத்திலேயே போர்டு தன் கட்டளை வரிசையை முதலிலிருந்து தொடங்கி, மின்சாரம் உள்ளவரையில் திரும்பத் திரும்ப அதனையே செய்துகொண்டிருக்கும். மின்சாரம் நின்றாலும் கட்டளை அழிவதில்லை. அடிக்கடி கரண்ட் நின்று வரும் கிணற்று மேட்டுக்கு இக்குணமே இதனைத் தகுதியுடையதாக்குகிறது.

சென்ஸார் தரும் சமாசாரம் இருவகைப்படும். தொட்டியில் மிதவை எழுந்ததா இல்லையா என்பது போன்ற 'ஆம், இல்லை' ஒரு வகை. ஈரம் எவ்வளவு, உஷ்ணம் எவ்வளவு என்பது போன்ற அளவு மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையில் சென்ஸார் ஏறியும் இறங்கியும் வரும் ஒரு வோல்ட் அளவைத் தருகிறது. போர்டு அதனை ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளுகிறது. இதற்குரிய கால்களை அனலாக் கால்கள் என்பர். இவை எத்தனை உண்டு, எவ்வளவு நம்பத்தக்கவை என்பதே பாசன வேலைக்குப் போர்டு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கடைக்காரரோ வேகத்தைப் பற்றியே பேசுவார். மண் காய்வது நாட்கணக்கில் நடக்கும் காரியமாதலால், வினாடிக்கு எத்தனை கோடி கணக்குப் போடும் என்பது நமக்கு ஒரு பொருட்டன்று.

ஆர்டுயினோ யூனோ

இவ்வகைப் போர்டுகள் சாமானிய ஜனங்கள் கைக்கு வந்தது ஆர்டுயினோவினால் என்று சொல்லலாம். இது 2005-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து இவ்ரேயா என்னும் ஊரிலிருந்த ஒரு வடிவமைப்புக் கல்விச்சாலையில், மின்னணு சாஸ்திரம் கற்காத மாணாக்கர்களும் சுலபமாய்ப் பழகுவதற்கென்று மாஸ்ஸிமோ பான்ஸி முதலியோரால் ஏற்படுத்தப்பட்டது. அவ்வூரில் அவர்கள் கூடும் ஒரு மதுச்சாலையின் பெயரே போர்டுக்கு வைக்கப்பட்டது. அந்தச் சாலைக்கோ அவ்வூரை ஆண்ட ஒரு பழைய அரசனின் பெயர். வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டுவிட்டபடியால், பல தேசங்களிலும் இதன் நகல்கள் செய்யப்பட்டு மலிவாய் விற்கப்படுகின்றன.

2010-இல் வெளிவந்த யூனோ என்னும் போர்டில் ஏடிமெகா 328பி என்னும் சில்லு உள்ளது. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். கட்டளைக்கு இடம் 32 கிலோபைட். வேலை நடக்கும்போது எண்களை நினைவில் வைக்க 2 கிலோபைட் மாத்திரம். தற்காலத்தில் இது மிகச் சொற்பம் என்று பிள்ளைகள் ஏளனம் செய்வார்கள். ஆனால் நான்கு பாத்திகளின் ஈரத்தைப் பார்த்து ஒரு மோட்டாரை இயக்குவதற்கு இதில் கால்பங்கு கூட வேண்டியதில்லை. 14 டிஜிட்டல் கால்களும் 6 அனலாக் கால்களும் உண்டு. அனலாக் கால் 0 முதல் 5 வோல்ட் வரையிலுள்ளதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகக் காட்டும். அவ்வெண் ஒழுங்காயும் நிலையாயும் இருக்கும்.

இதன் பெரிய அனுகூலம் இது 5 வோல்ட்டில் வேலை செய்வதே. கடைகளில் கிடைக்கும் ரிலே, தூரமறியும் கருவி முதலிய பலவும் 5 வோல்ட்டையே எதிர்பார்ப்பவை. கைப்பிசகாய் ஒரு கம்பியை மாற்றி வைத்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். முரட்டுக் கையையும் பொறுக்கும் நாட்டுமாட்டைப் போன்றது என்று சொல்லலாம். ஆயினும் ஒரு காலிலிருந்து 20 மில்லியாம்பியருக்கு மேல் இழுப்பது தகாது. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 70 மில்லியாம்பியர் கேட்கும். ஆதலால் தனி ரிலேயை நேரே காலில் இணைத்தால் கால் கெட்டுப்போகும். டிரான்ஸிஸ்டர் சேர்த்து விற்கப்படும் ரிலே போர்டையே வாங்க வேண்டும்.

பிரதிகூலம் யாதெனில், இதில் வானொலி அலையால் செய்தி அனுப்பும் பாகம் கிடையாது. வீட்டில் இருந்துகொண்டு செல்போனில் கிணற்று நிலையை அறிய விரும்புகிறவருக்கு இது மட்டும் போதாது. மற்றொன்று, 2023-இல் யூனோ ஆர்4 என்ற புதிய போர்டு வந்திருக்கிறது. வேகமும் நினைவிடமும் மிக அதிகம். அதன் ஒரு வகையில் வைஃபையும் உண்டு. ஆனால் பெயரும் உருவமும் ஒன்றாயிருந்தாலும் உள்ளே சில்லு வேறு. அதன் கால் 8 மில்லியாம்பியரே தாங்கும். பழைய யூனோவுக்கு எழுதிய கட்டுரையைப் பார்த்துப் புதியதில் விளக்கையோ சுருளையோ அப்படியே இணைத்துவிடக் கூடாது.

இதே குடும்பத்தில் நானோ என்பது யூனோவின் சில்லையே கொண்ட சிறிய வடிவம். பெட்டிக்குள் நிரந்தரமாய் வைப்பதற்கு யூனோவினும் நல்லது. மெகா 2560 என்பதற்கு 54 டிஜிட்டல் கால்களும் 16 அனலாக் கால்களும் உள்ளன. பெரிய நாற்றுப்பண்ணை அல்லது பசுமைக்குடில் வைத்திருப்பவர்க்கன்றி மற்றவர்க்கு இது வேண்டியதில்லை.

வைஃபை உள்ள போர்டுகள்

சீன தேசத்து ஷாங்காய் நகரிலுள்ள எஸ்ப்ரெஸ்ஸிஃப் கம்பெனியாரின் இ.எஸ்.பி.8266 என்ற சில்லு 2014-லும், இ.எஸ்.பி.32 என்பது 2016-லும் வந்தன. இவற்றில் வைஃபை உள்ளடங்கியிருக்கிறது, இ.எஸ்.பி.32-இல் புளூடூத்தும் உண்டு. ஆர்டுயினோவுக்கு எழுதும் முறையிலேயே இவற்றுக்கும் புரோகிராம் எழுதலாம். விலையோ அசல் ஆர்டுயினோவைக் காட்டிலும் குறைவு. இவ்வளவு அனுகூலங்களைக் கேட்டவுடன் எல்லோரும் இதனையே வாங்க முற்படுகிறார்கள். ஆனால் இதன் குணதோஷங்களை நன்கு அறிந்து வாங்க வேண்டும்.

முதலாவது, இவை 3.3 வோல்ட்டில் வேலை செய்வன. 5 வோல்ட் தரும் கருவியின் கம்பியை நேரே காலில் வைத்தால் சில்லு கெடும். உடனே கெடாமல் சில மாதம் கழித்துக் கெடுவதும் உண்டு. அப்போது காரணமும் தெரியாது. உதாரணமாக, தொட்டியின் நீர்மட்டத்தை ஒலியால் அறியும் ஹெச்.சி.எஸ்.ஆர்.04 என்ற கருவி தன் விடையை 5 வோல்ட்டில் கூறும். அதற்கும் போர்டுக்கும் நடுவே 1,000 ஓம், 2,000 ஓம் தடைகள் இரண்டை வைத்து 3.3 வோல்ட்டாகக் குறைத்துக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அனலாக் கால்களின் குறை. இ.எஸ்.பி.8266-இல் அவ்வகைக் கால் ஒன்றே ஒன்றுதான். இ.எஸ்.பி.32-இல் பல இருந்தாலும் அவை இரு கூட்டமாய்ப் பிரிந்திருக்கின்றன. வைஃபை வேலை செய்யும்போது இரண்டாம் கூட்டத்துக் கால்களைக் கொண்டு அளவெடுக்க முடியாது. மேசைமேல் வைஃபை இன்றிப் பரீக்ஷிக்கும்போது சரியாய் வந்த எண், வயலில் வைத்தபின் வராமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதற்கூட்டத்துக் கால்களை மட்டும் ஈரத்துக்கு ஒதுக்கிக்கொள்வது உத்தமம். மேலும் வோல்ட் அளவு மிகத் தாழ்ந்தும் மிக உயர்ந்தும் உள்ள ஓரங்களில் இதன் எண் சற்றுக் கோணிவரும். நடுப்பாகத்தில் வரும்படி சென்ஸாரை அமைத்து, பத்துத்தடவை அளந்து சராசரி எடுத்தால் நமது காரியத்துக்குப் போதுமான நம்பிக்கை உண்டாகும்.

மூன்றாவது, வைஃபை எவ்வளவு தூரம் செல்லும் என்பது. வீட்டுத் திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டில் வரையில் செல்லும். அரை மைலுக்கப்பாலுள்ள கிணற்றுக்குச் செல்லாது. அவ்வளவு தூரத்துக்கு லோரா என்ற வேறு வகை வானொலிப் பாகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமது தேசத்தில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இன்றி உபயோகிக்கலாம். பிற தேசங்களுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் பாகத்தை மலிவென்று வாங்கிவிடலாகாது. செல்போன் சிம் போட்டுச் செய்தியனுப்பும் பாகமும் உண்டு. மலிவான சிம்800 வகை 2ஜி மட்டுமே அறிந்தது. 2ஜி சேவையில்லாத ஜியோ கார்டு அதில் வேலை செய்யாது. அது செய்தியனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரையில் இழுப்பதால், போர்டின் காலிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுக்க முடியாது.

பாட்டரிக் கணக்கு

கரண்ட் கம்பி எட்டாத கொல்லையில் வைப்பதானால் போர்டு எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்று கணக்கிட வேண்டும். மாட்டுக்குத் தீவனக்கணக்குப் பார்ப்பது போன்றதே இது. 2,500 மில்லியாம்பியர்-மணி கொள்ளும் ஒரு லித்தியம் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். யூனோ சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 50 மில்லியாம்பியர் உண்ணும். ஆகவே 50 மணி நேரம், அதாவது இரண்டு நாள் தாங்கும். இ.எஸ்.பி.32-ஐ வைஃபையோடு ஓயாமல் விழித்திருக்கச் செய்தால் சராசரி 100 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் 25 மணி நேரமே.

ஆனால் இ.எஸ்.பி.32-ஐ உறங்கவைக்க முடியும். அரைமணிக்கு ஒருதரம் விழித்து, 10 வினாடியில் ஈரத்தை அளந்து செய்தி அனுப்பிவிட்டு மறுபடி உறங்கும்படி கட்டளை எழுதினால், நாளொன்றுக்கு விழிப்பு 480 வினாடி. அதற்குச் செலவு 13 மில்லியாம்பியர்-மணிதான். உறக்கத்தில் சில்லு மட்டும் உண்பது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. இதனைக் கேட்டு மயங்கிவிடலாகாது. சில்லு உறங்கினாலும் போர்டின்மேலுள்ள சிறு விளக்கும், வோல்ட் குறைக்கும் பாகமும், கம்ப்யூட்டரோடு பேசும் பாகமும் உறங்குவதில்லை. இவை 10 மில்லியாம்பியர் உண்டால் நாளைக்கு 240 மில்லியாம்பியர்-மணி வீண். பாட்டரி பத்து நாளில் தீரும். பாட்டரிக்கென்றே அமைந்து உறக்கத்தில் மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உண்ணும் போர்டானால் அதே பாட்டரி ஐந்து மாதத்துக்கு வரும். இரண்டும் இ.எஸ்.பி.32 என்றே விற்கப்படுகின்றன. சில்லின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் கேடு இது. ஒரு சிறு சூரியவெளிச்சத் தகட்டைச் சேர்த்தால் கவலை குறையும் என்பது மெய்யே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள் வெயில் காணாத காலத்தையும் எண்ணியே பாட்டரியைத் தீர்மானிக்க வேண்டும்.

பிக்கோவும் மைக்ரோபிட்டும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலுள்ள ராஸ்பெரி பை ஸ்தாபனத்தார் 2021 ஜனவரியில் பிக்கோ என்னும் போர்டை 4 டாலர் விலைக்கு வெளியிட்டார்கள். ஆர்.பி.2040 என்னும் அவர்களுடைய சொந்தச் சில்லும், 264 கிலோபைட் நினைவிடமும், வெளியே எடுக்கத்தக்க மூன்று அனலாக் கால்களும் உண்டு. இதுவும் 3.3 வோல்ட் ஜாதியே. 2022-இல் வைஃபையுடன் பிக்கோ டபிள்யூ என்பதும், 2024-இல் பிக்கோ 2 என்பதும் வந்தன. பைதான் என்னும் எளிய பாஷையில் கட்டளை எழுத இது மிக வசதி; சாமான் ஒழுங்காயும் விளக்கப் புஸ்தகம் தெளிவாயும் இருக்கின்றன. புதிதாய்ப் பழகும் மாணாக்கருக்கு நான் இதனைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

மைக்ரோபிட் என்பது பி.பி.ஸி.யின் முயற்சியால் 2016-இல் பிரிட்டனில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாய் வழங்கப்பட்டது. முகத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உண்டு. சாய்வறியும் கருவியும் திசைகாட்டியும் உள்ளேயே இருக்கின்றன. ஊசிக்கால்களுக்குப் பதிலாக ஓரத்தில் பெரிய துவாரங்கள் இருப்பதால் முதலைவாய்க் கிளிப்பைக் கவ்வவிட்டே பிள்ளைகள் இணைத்துக்கொள்ளலாம். கிணற்று மேட்டுக்கு இது ஏற்றதன்று. ஆனால் பள்ளிக்கூடத் தோட்டத்தில் இரண்டு இரும்பு ஆணிகளை ஒரு தொட்டி மண்ணில் ஊன்றி, மண் காய்ந்தால் விளக்கில் வாடிய முகமும் நனைந்தால் சிரித்த முகமும் தோன்றும்படி செய்து காட்டினால், பாசனத்தைப் பற்றிய ஒரு மணிநேரப் பிரசங்கத்தை விட அது அதிகம் போதிக்கும்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடுவது நலம். ராஸ்பெரி பை என்ற பெயரிலேயே முழுக் கம்ப்யூட்டர் ஒன்றும் விற்கப்படுகிறது. அது லினக்ஸ் என்னும் பெரிய அமைப்பை ஒரு நினைவுக் கார்டிலிருந்து ஓட்டுவது. அனலாக் கால் அதில் கிடையாது. முறைப்படி நிறுத்தாமல் கரண்ட் போனால் கார்டிலுள்ள எழுத்து கெட்டுப்போகக்கூடும். என் வட்டாரத்தில் ஒரு வாழைத்தோட்டக்காரரின் மகன் அதனை மோட்டார் கொட்டகையில் வைத்து அழகாகவே வேலை செய்வித்தார். கோடையில் இடிமழையோடு ஒரு சாயங்காலம் நாலைந்து தடவை கரண்ட் நின்று வந்தது. அதற்கப்புறம் அது எழுந்திருக்கவேயில்லை. அவர் ஊரில் இல்லாததால் ஐந்து நாள் வரையில் யாருக்கும் தெரியாது. குலைதள்ளும் வாழை ஐந்து நாள் காய்ந்தது. இப்போது அவ்விடத்தில் ஒரு நானோ வேலை செய்கிறது. படம் பிடித்துப் பூச்சியை அடையாளம் காண்பது போன்ற பெரிய வேலைக்கே முழுக் கம்ப்யூட்டர் தேவை. மடை திறப்பதற்கு அன்று.

போர்டு நல்லதானால் போதுமா?

காது மந்தமானால் புத்தி கூர்மையாயிருந்தும் பயனில்லை. ஈரமறியும் சென்ஸாரில் மலிவான வகை, இரண்டு கிளையுள்ள முள்ளுக்கரண்டி போன்றது. மண்ணினூடே மின்சாரம் செலுத்தி அளப்பது. ஓயாமல் மின்சாரம் ஓடுவதால் முலாம் அரித்துச் சில வாரங்களில் எண் மாறிப்போகும். உரமிட்டவுடன் உப்பு அதிகமாவதால், ஈரம் கூடாமலே கூடினதாகக் காட்டும். அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் நீளுமாயினும், வயலுக்கு இது தகாதென்பதே என் அபிப்பிராயம். கெபாஸிட்டிவ் என்னும் மற்றொரு வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. இதுவே ஏற்றது. மண் காய்ந்திருக்கும்போது எண் பெரிதாயும் நனைந்தால் சிறிதாயும் வருவது இதன் வழக்கம். மேற்பாகத்திலுள்ள மின்பாகங்களையும் தகட்டின் வெட்டோரங்களையும் வார்னிஷ் அல்லது எபாக்ஸி பூசி அடைத்துவிட வேண்டும். இன்றேல் ஓரத்தின் வழியே நீர் உறிஞ்சும். இவற்றிலும் சில நகல்களில் 4.5 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும் 555 சில்லைப் போட்டுவிடுகிறார்கள். அவை யூனோவில் சரியாய் வேலை செய்து, 3.3 வோல்ட் போர்டுகளில் தாறுமாறாய்க் காட்டும். போர்டின் குற்றமென்று எண்ணிப் போர்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதனைக் கவனிக்க.

எந்த எண்ணில் தண்ணீர் விடுவது என்பதற்குக் கடைச்சீட்டில் விடை கிடையாது. செம்மண்ணுக்கு ஓர் எண், வண்டலுக்கு மற்றோர் எண். நன்றாய்ப் பாய்ச்சி மிகுநீர் வடிந்த மறுநாள் காலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்க. பின்பு, வழக்கப்படி மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்துப் பார்த்து, 'இன்று தண்ணீர் விட வேண்டும்' என்று உங்கள் அனுபவம் சொல்லும் நாளன்று வரும் எண்ணைக் குறித்துக்கொள்க. இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் போர்டு வேலை செய்யவேண்டும். கரிசல் பூமியில் ஒரு விசேஷம் உண்டு. மண் வெடிக்கும்போது சென்ஸாரை ஒட்டிப் பிளவு விழுந்தால், சுற்றிலும் காற்றுப் புகுந்து, மண்ணில் ஈரமிருந்தும் வறட்சியென்று காட்டும். ஆகையால் ஒரே சென்ஸாரை நம்பாமல் மூன்று இடங்களில் வைத்து நடுவெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று அனலாக் கால் தேவைப்படும் இவ்விடத்தில்தான் இ.எஸ்.பி.8266 தோற்றுப்போகிறது.

நெல்லுக்கு இந்த ஈரச் சென்ஸார் அவசியமில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையில், துவாரமிட்ட குழாயை வயலில் புதைத்து, மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினபின் நீர் விடுவது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டிய வழி. குழாய்க்குள் ஒரு மிதவை ஸ்விட்சைத் தொங்கவிட்டால் 'ஆம், இல்லை' என்ற ஒரே கால் போதும். எந்தப் போர்டும் இதனைச் செய்யும்.

மோட்டாரில் இணைக்கும்போது

இதுவரை சொன்னதில் பிசகினால் பணம் போகும்; இனிச் சொல்வதில் பிசகினால் உயிர் போகும். 5 குதிரைச்சக்தியுள்ள மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியரும், நேரே ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதற்கு ஐந்தாறு மடங்கும் இழுக்கும். கடையில் கிடைக்கும் சிறு ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டார்க் கம்பியை அதில் இணைத்தால், உள்ளிருக்கும் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டு 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது. போர்டின் ரிலே ஸ்டார்ட்டரின் பொத்தானுடைய வேலையை மட்டுமே செய்யவேண்டும். பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலேயும், சிவப்புப் பொத்தானுக்குத் தொடர்ச்சியாக மற்றொன்றும் வைத்தால், ஓவர்லோடு காவல் முதலிய ஸ்டார்ட்டரின் பாதுகாப்புகள் யாவும் பழையபடியே இருக்கும். மேலும் மும்முனை ஸ்டார்ட்டர்களில் சுருளுக்கே 415 வோல்ட் செல்வது சாதாரணம். சிறு ரிலேயிலோ 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். அது இதற்கு ஆகாது. தக்க ரிலேயை நடுவில் வைப்பதோ சுருளை மாற்றுவதோ லைசென்ஸ் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் இதில் கைவைக்க விடவேண்டாம்.

கரண்ட் திரும்பி வரும் நேரம் மற்றோர் அபாயம். போர்டு விழித்தெழும் முதற்கணத்தில் அதன் கால்கள் ஏறியோ இறங்கியோ தடுமாறும், இ.எஸ்.பி. வகைகளில் சில கால்கள் தாமாகவே ஒருமுறை உயர்ந்து தாழும். பல ரிலே போர்டுகளோ கால் தாழ்ந்தால் மூடுகிற ஜாதி. இதனால் யாரும் சொல்லாமலே மோட்டார் ஒரு கணம் எழும்பும். கிணற்றில் ஆள் இறங்கியிருந்தால் என்னவாகும்? அமைதியாயிருக்கும் கால்களைத் தேர்ந்தெடுத்து, தடை ஒன்றால் அவற்றை நிறுத்தநிலையில் கட்டிவைப்பதும், கரண்ட் வந்து ஐந்து நிமிஷம் வரையில் ஸ்டார்ட் செய்யாதிருக்கும்படி கட்டளை எழுதுவதும், போர்டை அடியோடு விலக்கும் கைஸ்விட்ச் ஒன்றைக் கொட்டகை வாசலிலேயே வைப்பதும் அவசியம்.

கட்டளையில் இன்னும் மூன்று காவல்கள் வேண்டும். எவ்வளவு ஈரம் குறைந்தாலும் குறிப்பிட்ட மணிக்கு மேல் மோட்டார் ஒரேயடியாய் ஓடலாகாது. கிணற்று மிதவை இறங்கினால் உடனே நிற்க வேண்டும். பெருச்சாளி கம்பியைக் கடித்துவிட்டால் சென்ஸாரின் எண் நாம் குறித்த இரு எல்லைகளுக்கும் வெகுதூரம் வெளியே போகலாம். அவ்வாறு போனால் ஈரமென்றோ வறட்சியென்றோ கொள்ளாமல், மோட்டாரை நிறுத்திச் சிவப்பு விளக்கை ஏற்ற வேண்டும். போர்டே திகைத்து நின்றுபோனால் அதனைத் தட்டியெழுப்பும் வாட்ச்டாக் என்னும் ஏற்பாடு மேற்கூறிய எல்லாப் போர்டுகளின் சில்லுகளிலும் உண்டு. அதனை இயங்கவிடுவதும் நிறுத்திவைப்பதும் கட்டளை எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அநேகர் அதனை மறந்துவிடுகிறார்கள்.

எதை வாங்குவது?

கரண்ட் உள்ள மோட்டார் கொட்டகையில், செல்போன் செய்தி வேண்டாமென்பவர்க்கு நானோவே போதும். அதிலும் பழைய 5 வோல்ட் வகையே நல்லது. வீட்டு வைஃபை எட்டும் தோட்டத்தில் செய்தியும் வேண்டுவோர்க்கு இ.எஸ்.பி.32. எட்டாத கொல்லைக்கு, உறக்கத்தில் குறைவாய் உண்ணும் இ.எஸ்.பி.32 ஒன்றை லோராவுடன் வயலிலும், நானோவை மோட்டாரருகிலும், அதற்கும் ஒரு லோராப் பாகம் சேர்த்து, வைத்துக்கொள்ளலாம். இதில் சற்றுப் பிரயாசை அதிகம். முதல் வருஷமே இதில் இறங்க வேண்டாம். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி, ஒன்றில் அதே கட்டளையை ஏற்றிப் பெட்டியில் வைத்திருங்கள். பட்டத்தின் நடுவில் கெட்டுப்போனால் பட்டணம் போய்வரும் வரையில் பயிர் காத்திராது.

போர்டை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கம்பிகள் அடிப்பக்கமாய் நுழையும்படி துளையிட்டு, துளைகளை அடைத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர்ப் பெட்டியில் பல்லியும் எறும்பும் செய்யும் உபத்திரவம் எல்லோரும் அறிந்ததே. இச்சிறு பெட்டியையும் அவை விடா. ஸ்டார்ட்டருக்கு ஒட்டியும் வைக்கக்கூடாது. அதன் சுருள் விடும்போது எழும் தெறிப்பினால் போர்டு தடுமாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

எல்லாம் அமைந்தபின் உடனே மோட்டாரில் சேர்க்காமல், ரிலே இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு விளக்கை வைத்துக் காரியத்தைத் தொடங்குங்கள். விளக்கு எரிந்தால் போர்டு மோட்டாரைப் போடச் சொல்லுகிறதென்று அர்த்தம். தினந்தோறும் காலையில் வயலில் மண்ணைக் கையால் பிடித்துப் பார்த்து, உங்கள் அபிப்பிராயத்தையும் விளக்கின் நிலையையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதிவாருங்கள். இரண்டும் ஒவ்வாத நாட்களில் அன்றைய எண்ணையும், உரமிட்டதா, மழை பெய்ததா, மண் வெடித்ததா என்பதையும் குறித்து, அதற்கேற்ப எல்லையைத் திருத்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று தண்ணீருக்கு இரண்டும் ஒத்துவந்தால், அதன்பின் வயர்மேனை அழைத்து ஸ்டார்ட்டரில் சேர்க்கலாம்.